அடாப்டர் பெட்டி: எதை மாட்டலாம், எதைக் குப்பையில் போடலாம்

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே, ஒரு வகை ரேடியோ அதிர்வெண் (ஆர்எஃப்) கேபிள் முனையை இன்னொரு வகையோடு சேர்க்கும் பதினைந்து இருபது கனெக்டர்கள்: பிஎன்சியிலிருந்து எஸ்எம்ஏ, என் (N) டைப்பிலிருந்து எஸ்எம்ஏ, என் டைப்பிலிருந்து பிஎன்சி, இரு பக்கமும் ஆண், இரு பக்கமும் பெண், ஒரு டி, இரண்டு எல். எஸ்எம்ஏ எல்லாம் தங்க நிறம், என் டைப் எல்லாம் நிக்கல் வெள்ளை. ஆன்லைனிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் 'ஆர்எஃப் அடாப்டர் கிட்' என்று கேட்டால் கிடைப்பது இதுதான். தயாரித்தவர் பெயர் இருக்காது. நல்ல நிறுவனத்தின் ஒற்றை துல்லிய அடாப்டர் விலைக்கு இதில் பல பெட்டிகள் வாங்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆசிலஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேலை என்றால் வாங்கலாம், காசுக்கு மோசமில்லை. ஸ்பெக்ட்ரம் அனலைசரின் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) என் டைப் வாயில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். விலையுயர்ந்த நெட்வொர்க் அனலைசரின் (சிக்னல் அனுப்பி, திரும்புவதையும் கடப்பதையும் அளக்கும் கருவி) 3.5 மி.மீ. போர்ட்டில் (எஸ்எம்ஏவோடு மாட்டும் துல்லிய கனெக்டர், ஹெட்போன் ஜாக் இல்லை) இந்தப் பெட்டியிலிருந்து எதையும் நேரடியாக மாட்டக்கூடாது. காரணம் அளவு தவறாக வரும் என்பது மட்டும் இல்லை. மட்டமான ஒரு ஆண் கனெக்டர் தான் நுழைகிற ஒவ்வொரு பெண் கனெக்டரையும் கெடுத்துவிட்டுப் போகும். அப்படிக் கெட்ட பெண் கனெக்டர், தன்னுள் வருகிற நல்ல ஆண் முனைகளோடு சரியாகச் சேராது. ஒரு லேபில் இது சொறி போலப் பரவும். இந்த விமர்சனத்தில் பாதி அதைப் பற்றியதுதான்.

கடையில் 'மேல்', 'ஃபீமேல்' என்பார்கள். நடுவில் பின் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், குழி இருந்தால் பெண். வெளியே மரை இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பதை வைத்து ஆண் பெண் பார்க்கக் கூடாது. ஏன் என்பது எஸ்எம்ஏ பகுதியில் தெரியும்.

முதலில் பிஎன்சி. பெல் லேப்ஸின் பால் நீல், ஆம்பினாலின் கார்ல் கான்செல்மன் இருவர் பெயரும் சேர்ந்ததுதான் இந்தப் பெயர். முதல் எழுத்து பேயனட் பூட்டைக் குறிக்கிறது. இரண்டு காதுகள், கால் திருப்பு, மாட்டி முடிந்தது. 50 ஓம் மின்மறுப்பு (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) உள்ள வகை 4 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக நடக்கும், 75 ஓம் வகை 2 ஜிகாஹெர்ட்ஸ் வரை. பெட்டியில் இருப்பவற்றில் நம்பி வாங்கக்கூடியது இதுதான், ஏனென்றால் பிஎன்சி வேலை நடக்கும் அதிர்வெண்ணில் சின்னச் சின்னப் பிழைகள் வெளியே தெரிவதில்லை.

கெடுவது பூட்டில். ஆண் பிஎன்சியின் உள்ளே ஸ்பிரிங் வாஷர் ஒன்று இருக்கிறது. அதுதான் இரு பாகங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. மலிவானதில் அந்த இழுப்பு தளர்ந்திருக்கும். மாட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால், வெளிக் கடத்தியின் தொடர்பு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறுகிறது என்று பொருள். ஆசிலஸ்கோப்பில் அது இரைச்சலாகத் தெரியும், ஸ்பெக்ட்ரம் அனலைசரில் சிக்னல் ஒன்றிரண்டு டெசிபெல் ஏறி இறங்கும். ஆடாமல் வேண்டும் என்றால் டிஎன்சி இருக்கிறது: அதே உள்ளமைப்பு, பூட்டுக்குப் பதில் மரை, 11 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அளவுக் கருவிகளின் முகப்பில் அதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

பெட்டிக்குள் 75 ஓம் பிஎன்சி கலந்திருக்கலாம். பெண் முனையை நேராகப் பாருங்கள். நடுக் குழியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் உறை முன்வரை வந்திருந்தால் 50 ஓம், உறை இல்லாமல் நடுக் குழி காற்றில் நின்றால் 75. பிஎன்சியில் இரண்டையும் மாட்டினால் பொதுவாக உடையாது. 100 மெகாஹெர்ட்ஸில் வித்தியாசமே தெரியாது. மேலே போகப் போகத் தெரியும். 25 மி.மீ. நீளமுள்ள 75 ஓம் துண்டு, உள்ளே காற்று என்று வைத்துக்கொள்வோம். 3 ஜிகாஹெர்ட்ஸில் அது சரியாகக் கால் அலைநீளம். அந்த நீளத்தில் துண்டு எதிர்ப்பக்க மின்மறுப்பை மாற்றிக் காட்டும்: 75-ஐ 75-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 112.5. அதாவது அந்தப் பக்கம் அசல் 50 ஓம் லோடு இருந்தாலும் இந்தப் பக்கத்தில் 112.5 ஓம் தெரியும், விஎஸ்டபிள்யூஆர் (சிக்னல் திரும்பி வருவதன் அளவு; எதுவும் திரும்பாவிட்டால் 1) 2.25. இரண்டரை செ.மீ. பித்தளைத் துண்டு செய்கிற வேலை இது.

பெட்டியின் டி அடாப்டருக்கும் ஒரு எச்சரிக்கை. ஸ்கோப்பின் 1 மெகா ஓம் வாயில் டி போட்டு, ஒரு கையில் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னலை உறிஞ்சும் முனை) மாட்டுவது பழைய வழி. சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு நன்றாக ஓடும். வேகமான விளிம்புகளை அளக்கும்போது டியின் கை ஒரு ஸ்டப் (முட்டுச்சந்துக் கிளை) ஆகி விளிம்பில் நெளிவு காட்டும். ஸ்கோப்பிலேயே 50 ஓம் தேர்வு இருந்தால் அதைப் போடுவது நல்லது, ஆனால் பல ஸ்கோப்களில் அந்த நிலையில் 5 வோல்ட் ஆர்எம்எஸ்தான் எல்லை. அது அரை வாட். ஒரு கையடக்க வாக்கி டாக்கியை நேராக மாட்டினால் டெர்மினேஷன் கருகும்.

அடுத்து என் டைப். இதுவும் பால் நீல் வடிவமைத்ததுதான், 1940களில். ஸ்பெக்ட்ரம் அனலைசர்களில் பெரும்பாலானவற்றின் வாய் இது. 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் ரிகோல் டிஎஸ்ஏ815 போன்ற மேசைக் கருவிகளிலும், கீசைட்டின் ஃபீல்ட்ஃபாக்ஸ் போன்ற களப்பணிக் கருவிகளிலும் பெண் என் டைப் இருக்கும். சாதாரண வகை 11 ஜிகாஹெர்ட்ஸ், துல்லிய வகை 18 ஜிகாஹெர்ட்ஸ். பருமன் பெரியது, அடி தாங்கும், மரை ஆழமானது. மலிவான தயாரிப்பிலும் கெடுவது கடினம் என்பதால் பிஎன்சியோடு சேர்த்துப் பெட்டியில் மதிப்பெண் அதிகம் வாங்குவது இதுதான்.

ஆனால் பிஎன்சியில் சும்மா போன 50/75 கலப்பு இங்கே நிரந்தரச் சேதம் செய்யும். 50 ஓம் ஆணின் சென்டர் பின் ஏறக்குறைய 1.65 மி.மீ. பருமன், 75 ஓம் பின் 0.9 மி.மீ. வெளி உடலும் மரையும் இரண்டுக்கும் ஒன்று, எனவே கை தடுக்காமல் திருகிவிடும். 50 ஓம் ஆணை 75 ஓம் பெண்ணுக்குள் திருகினால் குழியின் விரல்கள் விரிந்து அல்லது உடைந்து போகும். அதற்குப் பிறகு உரிய 75 ஓம் ஆணை மாட்டினாலும் தொடர்பு வராது. மாற்றிச் செய்தால், மெல்லிய பின் பெரிய குழியில் எதையும் தொடாமல் நிற்கும் அல்லது தொட்டுத் தொட்டு விலகும். கேபிள் டிவி ஆட்கள் பயன்படுத்தும் 75 ஓம் என் டைப் சாமான் லேபுக்குள் வந்தால் தனி டப்பாவில், சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

இன்னொரு விசித்திரம். பிஎல்-259 என்று ஹாம் ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் யுஎச்எஃப் கனெக்டரின் மரையும் என் டைப்பின் மரையும் ஒன்றே, 5/8-24. எனவே மரை பிடிக்கத் தொடங்கிவிட்டது என்பதால் சரியான ஜோடி என்று நம்பக் கூடாது. யுஎச்எஃப் என்று பெயர் இருந்தாலும் அதற்கு நிலையான மின்மறுப்பு கிடையாது. எச்எஃப்பில் (30 மெகாஹெர்ட்ஸ் வரை) ஓடும், அளவுக் கருவிக்குப் பொருந்தாது.

என் டைப்பின் நட்டு 19 மி.மீ. அறுகோணமாக இருந்தால் டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் மடியும் ஸ்பேனர்) போடலாம், 1.36 நியூட்டன் மீட்டர். பெட்டியில் வருவதில் பெரும்பாலும் சொரசொரப்பான வட்ட நட்டுதான் இருக்கும். விரலால் இறுக்குவதோடு நிறுத்துங்கள், பிளையர் வேண்டாம். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். அது ஆண்டெனா மாடியில் மழைநீர் புகாமல் இருக்க வைத்தது. வளையம் தடிப்பாக இருந்தால் இரண்டு வெளிக் கடத்திகளும் முகத்தோடு முகம் முட்டுவதற்கு முன்பே நட்டு இறுகிவிடும். லேபில் மழை பெய்யாது. ஊசியால் கிளப்பி எடுத்துவிடலாம்.

இனி எஸ்எம்ஏ. தொல்லை முழுவதும் இங்கேதான்.

இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் தொல்லை புரியும். 0.141 அங்குல அரைவிறைப்புக் கேபிள், அதாவது ஆர்ஜி-402, கருவிப் பெட்டிக்குள்ளே ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். ஒருமுறை இறுக்கினால் ஆண்டுக்கணக்கில் கழற்றாத இணைப்பு. அதற்காகச் செய்தது எஸ்எம்ஏ. கேபிளின் நடுக் கம்பியையே, 0.92 மி.மீ., ஆண் பின்னாகப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனமும் அதில் உண்டு. நாம் அதைக் கொண்டுவந்து தினமும் இருபது தடவை மாட்டிக் கழற்றும் நானோவிஎன்ஏவின் (மலிவான கையடக்க நெட்வொர்க் அனலைசர்) முகப்பில் வைத்திருக்கிறோம். காட்டலாக்கில் எஸ்எம்ஏவின் ஆயுள் 500 தடவை. தினம் இருபது என்றால் ஒரு மாதம் கூட வராது.

வெளிக் கடத்தியின் உள்விட்டம் 4.1 மி.மீ., நடுக் கடத்தி 1.27 மி.மீ., இடையில் டெஃப்லான். ஆண் பின்னின் நுனி 0.91 மி.மீ. மரை 1/4-36, நட்டு 5/16 அங்குலம், அதற்கு 8 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். சாதாரண எஸ்எம்ஏ 18 ஜிகாஹெர்ட்ஸ் வரை, சில வகைகள் 26.5 வரை.

பெட்டியில் வரும் எஸ்எம்ஏவில் மூன்று இடங்களில் கோளாறு எதிர்பார்க்கலாம்.

முதலாவது பெண் குழியின் உலோகம். பிளந்த விரல்கள் பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் குணம் வேண்டும். நல்லதில் பெரிலியம் காப்பர், அடுத்த நிலையில் பாஸ்பர் பிரான்ஸ். மலிவானதில் வெறும் பித்தளை, மேலே தங்க நிற முலாம். புதிதில் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். முப்பது நாற்பது முறை மாட்டியதும் பித்தளை விரல்கள் விரிந்தது விரிந்தபடி நின்றுவிடும். படைத்துறைத் தரத்தில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு: 0.9 மி.மீ. மழமழப்பான எஃகுப் பின்னை, நுனி உருட்டியதாக, குழிக்குள் விட்டுத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எஃகுக் கம்பி ஒன்றைப் பாலிஷ் செய்து, கீழே 28 கிராம் வருமாறு நட்டுகளைக் கட்டிக்கொண்டால் வீட்டிலேயே செய்துவிடலாம். வெட்டிய முனை கூராகவோ பிசிறாகவோ இருந்தால் சோதனையே குழியைக் கீறிவிடும். முதல் நாளே கம்பி நழுவி விழுந்தால் அந்த அடாப்டரைத் தூக்கி எறியலாம்.

இரண்டாவது பின் நீளம். ஆண் எஸ்எம்ஏவில் வெளிக் கடத்தியின் முகம்தான் அடிமட்டம், அதாவது அளவு தொடங்கும் இடம்; நல்லதில் டெஃப்லான் முகமும் அதே மட்டத்தில் இருக்கும். சென்டர் பின்னின் தடித்த தோள் அந்த மட்டத்தில் அல்லது ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். பெண்ணில் குழியின் விளிம்பும் அப்படியே. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு வெளிக் கடத்திகளும் சேர்வதற்கு முன்பே நடுக் கடத்திகள் முட்டிக்கொள்ளும். நட்டை இறுக்க இறுக்க அந்த அழுத்தம் எதிரே இருக்கும் குழியின் விரல்களைப் பிதுக்கி வெளியே விரிக்கும், அல்லது கருவியின் உள்ளே இருக்கும் நடுக் கடத்தியைப் பின்னுக்குத் தள்ளும். உள்ளே போனால் அதற்கு அப்பால் சால்டர் செய்த இடம், அப்புறம் மிக்சர் (அதிர்வெண்ணை மாற்றும் சுற்று). தள்ளப்பட்ட நடுக் கடத்திக்குச் செலவு எவ்வளவு என்பதை சர்வீஸ் பில்லில்தான் பார்க்க முடியும். சரியாக அளக்க டயல் கேஜ் வேண்டும். அது கையில் இல்லாவிட்டாலும் பத்து மடங்கு லென்ஸும் வெர்னியரின் ஆழக் கம்பியும் போதும், ஏனென்றால் இந்தப் பெட்டிகளில் தவறு வந்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவில்தான் வரும். பெண் எஸ்எம்ஏவில் அடிமட்டம் மரையின் முன்விளிம்பில் இல்லை, சுமார் 1.9 மி.மீ. உள்ளே இருக்கிறது என்பதை மறக்காமல் பாருங்கள்.

மூன்றாவது டெஃப்லான். மேலே பிதுங்கியிருந்தாலும் தோண்டப்பட்டிருந்தாலும் ஆகாது. கேபிளோடு வரும் எஸ்எம்ஏவில் இது அதிகம், காரணம் சால்டர் சூடு. டெஃப்லான் சூட்டில் நீளும், ஆறினால் முழுதும் திரும்பி வராது. ஆர்ஜி-402-ஐச் சொந்தமாகச் சால்டர் செய்கிறவர்கள் முழுக்க ஆற விட்டு, முகத்தைப் புது பிளேடால் மட்டமாகச் சீவ வேண்டும். சூடு இருக்கும்போதே சீவினால் அடுத்த நாள் பள்ளம் விழுந்திருக்கும். நடுக் கம்பியே பின்னாகப் போகும் வகையில் வெட்டிய முனையின் பிசிறை மெல்லிய அரத்தால் எடுத்து நுனியைக் கூம்பாக்குங்கள். பிசிறோடு விட்டால் அது நானோவிஎன்ஏவின் குழியை ஒவ்வொரு முறையும் ரம்பம் போல அறுக்கும்.

இப்போது ஆண் பெண் குழப்பம். வைஃபை ரவுட்டர் ஆண்டெனாக்களிலும் ட்ரோன் வீடியோ சாமான்களிலும் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ, அதாவது திருப்பிப் போட்ட எஸ்எம்ஏ. மரை அப்படியே இருக்கும், நடுப் பகுதி மட்டும் இடம் மாறியிருக்கும். நட்டு உள்ளே மரையோடு இருந்தும் நடுவில் குழி தெரிந்தால் அது ஆர்பி. வெளி மரையோடு நடுவில் பின் நின்றால் அதுவும் ஆர்பி. குழிக்குள் குழி மாட்டினால் தொடர்பே இராது, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் வீணாகும். பின்னோடு பின்னை மாட்டி இறுக்கினால் இரண்டும் முட்டி வளையும் அல்லது உள்ளே போகும். மலிவுப் பெட்டிகளில் ஒன்றிரண்டு ஆர்பி துண்டுகள் குறிப்பில்லாமல் கலந்திருப்பது சாதாரணம். பெட்டி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அவற்றைப் பொறுக்கி வெளியே எடுப்பது.

இறுக்குவதில் இருக்கும் பெரிய தவறு, உடலைத் திருப்புவது. நேராக வைத்து, பின் குழிக்குள் நுழைந்ததை விரலில் உணர்ந்து, பிறகு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். அடாப்டரின் உடலைத் திருகினால் பின் குழிக்குள் சுழன்று தங்க முலாமை உரிக்கும். நட்டு முதல் மூன்று சுற்று விரலால் தடையின்றி ஓட வேண்டும். ஓடாவிட்டால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். பித்தளை எஸ்எம்ஏவுக்கு 0.56 நியூட்டன் மீட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 3.5 மி.மீ. வகைக்கு 0.9. இந்தப் பெட்டியிலுள்ளவை எல்லாம் பித்தளை, 0.9 ரெஞ்சை இவற்றில் போட்டால் மரை இளகும். டார்க் ரெஞ்சைக் கைப்பிடியின் கடைக்கோடியில் இரண்டு விரலால் பிடித்து, மடியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மறுபக்க உடலை இன்னொரு 8 மி.மீ. ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது கட்டாயம். இரண்டு ஸ்பேனருக்கும் இடையே கோணம் 90 டிகிரிக்குள் இருந்தால் கனெக்டர் பக்கவாட்டில் வளையாது.

இறுக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் தாமிரத்தில் மின்னோட்டம் ஓடும் ஆழம் 2 மைக்ரான் சொச்சம்தான். வெளிக் கடத்திகளின் முகங்கள் வட்டம் முழுவதும் ஒட்டாமல் ஓரிடத்தில் தலைமுடி இடைவெளி விட்டால், ஓட்டம் அதைச் சுற்றி வளைந்து போகும். விரலால் இறுக்கியபோது ஒரு அளவு, ரெஞ்ச் போட்டபோது இன்னொரு அளவு என்று வருவது இதனால்தான். கேலிப்ரேஷன் (கருவியின் சொந்தப் பிழையை அளந்து நீக்குவது) செய்யும்போது விரல், அளக்கும்போது ரெஞ்ச் என்றால் அந்தக் கேலிப்ரேஷனுக்கு அர்த்தம் இல்லை.

பெட்டியின் சாமானைச் சோதிக்க நானோவிஎன்ஏ ஒன்று போதும். அரை மணி நேரம் சூடாக விட்டு, வேண்டிய அதிர்வெண் எல்லை வைத்து, கூட வந்த ஓபன், ஷார்ட், லோடு (திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் முனை) கொண்டு கேலிப்ரேட் செய்யுங்கள். இதில் லோடு எவ்வளவு நல்லதோ அதுவரைதான் அளவும் நல்லது, எனவே 40 டெசிபெல் காட்டினாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு அடாப்டரைப் போட்டு அதன் முனையில் நல்ல லோடு ஒன்றை மாட்டி ரிட்டர்ன் லாஸ் (திரும்பும் சிக்னல் எத்தனை டெசிபெல் குறைவு என்பது; அதிகமானால் நல்லது) பாருங்கள். 1 ஜிகாஹெர்ட்ஸ் வரை 26 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால், அதாவது விஎஸ்டபிள்யூஆர் 1.1, வைத்துக்கொள்ளலாம். 20 டெசிபெல் என்றால் 1.22, ஆண்டெனா பார்க்கப் போதாது. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஆண்டெனாவின் உண்மையான ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபெல், நடுவில் இருக்கும் அடாப்டர் 26 டெசிபெல். பிரதிபலிப்பு 0.1-உம் 0.05-உம். இவை சேர்ந்தும் எதிர்த்தும் வருவதைப் பொறுத்துத் திரையில் 16.5-இலிருந்து 26 வரை எதுவும் தெரியலாம். ஆண்டெனாவை வெட்டி வெட்டி டியூன் செய்தவர் உண்மையில் டியூன் செய்தது அடாப்டரை.

அடுத்த சோதனைக்கு அடாப்டரை இரண்டு போர்ட்டுக்கும் இடையில் போட்டு, எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் சிக்னல்) பார்த்தபடி மெல்ல ஆட்டுங்கள். கோடு 0.05 டெசிபெல்லுக்கு மேல் குதித்தால் தொடர்பு சரியில்லை. இதிலும் சந்தேகம் இருந்தால் மின்தடை. மல்டிமீட்டரின் ஓம் நிலையில் இது அளக்க வராது, புரோபின் தடையே அதிகம். பவர் சப்ளையில் 1 ஆம்பியர் எல்லை வைத்து நடுக் கடத்தி வழியே ஓடவிட்டு, மீட்டரின் மில்லிவோல்ட் நிலையில் இரண்டு முனைக்கும் இடையே அளந்தால், எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஓம். எஸ்எம்ஏவுக்குக் காட்டலாக் சொல்வது ஒரு தொடர்புக்கு 3 மில்லி ஓம் அளவில். பத்தைத் தாண்டினால் ஒதுக்கிவிடலாம்.

3.5 மி.மீ., 2.92, 2.4 பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் இந்தப் பெட்டியில் அவை கிடையாது. 3.5-இல் டெஃப்லான் இல்லை, காற்றுதான்; 34 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2.92, வில்ட்ரான் 1983-இல் 'கே' என்ற பெயரில் கொண்டுவந்தது, 40 ஜிகாஹெர்ட்ஸ். இவை இரண்டும் எஸ்எம்ஏவோடு மாட்டும். அதுதான் ஆபத்தும். 2.4 மி.மீ., 50 ஜிகாஹெர்ட்ஸ், மரையே வேறு, எம்7×0.75, எனவே எஸ்எம்ஏ அதில் ஏறாது. பழைய எச்பி 8753 வகைக் கருவிகளின் டெஸ்ட் செட்டில் இருப்பது 7 மி.மீ. ஏபிசி-7, அதில் ஆண் பெண் என்பதே இல்லை, இரண்டு முகமும் ஒன்று. அடையாளம் காண்பது எளிது: எஸ்எம்ஏவில் வெள்ளை டெஃப்லான் முகம் வரை வந்திருக்கும், மற்றவற்றில் நடுக் கடத்தியைச் சுற்றிக் காலி இடம் தெரியும். காலி இடம் தெரிந்தால் இந்தப் பெட்டியை மூடி வையுங்கள். மாட்டியே ஆக வேண்டும் என்றால் இடையில் 'கனெக்டர் சேவர்' என்னும் ஆண்-பெண் துல்லிய அடாப்டர் ஒன்றை நிரந்தரமாகப் போர்ட்டில் விட்டுவையுங்கள். கெட்டால் அது கெடட்டும்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். காதுக்குப் போடும் பட்ஸ் வேண்டாம், பஞ்சிழை குழியின் விரல்களில் மாட்டும். ஃபோம் ஸ்வாப், இல்லையென்றால் பல்குத்தும் குச்சியின் நுனியில் நூல் உதிராத துணியைச் சுற்றி, லேசாக நனைத்து, மரை முதலில், முகம் பிறகு. நடுக் குழிக்குள் குச்சியை விடாதீர்கள். துல்லிய வகைகளில் உள்ளே நடுக் கடத்தியைத் தாங்கும் பிளாஸ்டிக் மணியில் ஆல்கஹால் ஊறக் கூடாது. மரையிலிருந்து உதிரும் தங்க நிறத் தூள் பித்தளைதான், அது டெஃப்லான் முகத்தில் கிடந்தால் இரண்டு முகங்களும் சேராது. மலிவுக் கனெக்டரைப் புதிதாகத் திறந்ததும் ஒருமுறை துடைப்பது இதற்காகவே. கடலோர ஊர்களில் மூடி போடாமல் வைத்த பித்தளையில் சீக்கிரமே பச்சை பூக்கும், பிளாஸ்டிக் மூடிகளைத் தொலைக்காதீர்கள்.

சில பெட்டிகளில் ஒரு அடி ஆர்ஜி-316 கேபிளும் வரும். 1 ஜிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும் கேபிள் அது, ஒரு அடிக்குப் பாதகமில்லை. கழுத்தில் சுருங்கும் ட்யூப் மட்டும் போட்டு, கிரிம்ப் (கேபிளை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையம்) ஒழுங்காக இல்லாததுதான் பிரச்சினை. இழுத்தால் வந்துவிடும். சொந்தமாக பிஎன்சி கேபிள் செய்வது மேல்: ஆர்ஜி-58-க்கு வளையத்தை அழுத்தும் கருவியின் அறுகோணம் 5.41 மி.மீ., சென்டர் பின்னுக்கு 1.72. ஆர்ஜி-59-க்கு வளையம் 6.48. இரண்டும் கறுப்பு, பார்வைக்கு ஒன்று, ஆனால் 59 என்பது 75 ஓம், 6 மி.மீ. பருமன், 58 என்பது 5 மி.மீ. வளையத்தை முதலில் கேபிளில் கோத்துவிட்டுத்தான் பின்னை அழுத்த வேண்டும். இதை மறந்து பின்னை அழுத்திவிட்டுத் தலையில் கைவைக்காத டெக்னீஷியன் கிடையாது.

மொத்தத்தில் பெட்டியின் என் டைப், பிஎன்சி துண்டுகளுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். எஸ்எம்ஏ-எஸ்எம்ஏ துண்டுகளுக்கு இரண்டு, அதுவும் எடைச் சோதனையில் தேறியவற்றுக்கு மட்டும். எல் வளைவுகளுக்கு ஒன்று. உள்ளே நடுக் கடத்தி திரும்பும் மூலையை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைத் திறந்து பார்க்க முடியாது, ரிட்டர்ன் லாஸ்தான் சொல்லும். மிச்சப்படுத்திய காசில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த, பெரிலியம் காப்பர் குழி உள்ள எஸ்எம்ஏ ஆண்-பெண் அடாப்டர் இரண்டும் 0.56 டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்குங்கள். தேறாதவற்றையும் ஆர்பி துண்டுகளையும் குப்பைக்கூடையில் போடுவதற்கு முன் மரையைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். முழுசாகப் போட்டால் 'நல்லாத்தானே இருக்கு' என்று யாராவது பொறுக்கி எடுத்து மறுபடி பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள்.